மீதியில் ஏழு

ஒரே ஒரு குழாய் வரிசையைத்தான் வரைந்தேன்.
இந்தப் பக்கம் நுழைகிற காற்று
அந்தப் பக்கம் வெளியேறி
மறுபடி இந்தப் பக்கமே நுழையும்.
மற்ற வரிசைகள் இதன் நகல் என்று
கணினிக்குச் சொல்லிவிட்டால்
ஓர் இரவில் கணக்கு முடிந்துவிடும்.
ஆத்தங்குடிக் கல் ஒன்றைப் பார்த்துவிட்டு
முழுக் கூடத்தையும் பார்த்தாயிற்று என்பது போல.

காரைக்குடி, செக்காலை, வாடகை மாடி.
மே மாதம். மின்விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது.
நாலரை மணிக்குப் படம் விழுந்தது:
குழாயைச் சுற்றிச் சிவப்பு, நடுவில் நீலம்,
ஓரத்தில் ஓர் அளவுகோல்,
சுழியத்தில் தொடங்கி ஒன்றேகாலில் முடிவது.

ஒன்றேகால் என்ன? டிகிரி இல்லை.
சுழியம் என்றால் உறைநிலையும் இல்லை.
புகும் வாயில் சராசரி ஒன்று,
போகும் வாயில் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.
ஆக, ஏழு சதம்.
குழாய் நூற்றுப்பத்து, வெளிக்காற்று முப்பத்துநாலு,
இடைவெளி எழுபத்தாறு, அதில் ஏழு சதம்
ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் மேலே.
தூக்கக் கலக்கத்தில் அதை எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

புதுவயல். அவித்த நெல்லின் வாசனை
பேருந்து நிற்கும் முன்பே ஏறிக்கொள்ளும் ஊர்.
"வரிசைக்கு அஞ்சேகால் டிகிரி" என்றேன்.
"எனக்கு எண்பது வேணும்" என்றார் உமையாள்,
மில்லின் இரைச்சலுக்கு மேலே.
"ஒன்பது வரிசை போதும்."
ஜெபஸ்தியான் ஒன்பது வரிசை பற்றவைத்தான்.

மூன்றாம் வாரம் கூப்பிட்டார்.
குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.
"வந்து மோந்து பாருங்க."
நாற்பது மூட்டை.
கடிகாரத்தை நம்பி இறக்கிக் கட்டிய நெல்.
கையை உள்ளே விட்டேன்:
வெதுவெதுப்பு,
நனைந்த நாயின் வயிற்றைத் தொட்டது போல.

கடைசி வரிசைக்குப் பின்னால் வெப்பமானியைப் பிடித்தேன்.
எழுபது.
கை மாற்றிப் பிடித்தேன். எழுபது.

கணக்கறையில் அலமேலு
நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு
பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"ஏழுன்னா, முதல்லயா, மீதியிலயா?"

இந்த ஊரில்
கையெழுத்துக்கு முன் எவரும் கேட்கிற கேள்வி.
நான் கேட்டிருக்கவில்லை.

திரை எனக்கு வெப்பத்தைக் காட்டவே இல்லை.
வெப்பத்தின் வடிவத்தை மட்டும் காட்டியது.
அங்கே சுழியம்தான் கொதி.
ஒன்றைத் தாண்டினால், சராசரியை விடக் குளிர்.
எல்லா வரிசைக்கும் அதே படம்தான்,
ஆனால் ஒவ்வொரு வரிசையின் ஒன்றும் வேறு ஒன்று.
எழுபத்தாறு, எழுபத்தொன்று, அறுபத்தாறு, அறுபத்தொன்று:
முதலில் ஒழுங்காக ஐந்தைந்தாய்த்தான் இறங்குகிறது,
நல்ல கடன்காரன் முதல் சில தவணை கட்டுவது போல.
பிறகு நாலு.
ஒன்பதாவது வரிசையில் மூன்றே மூன்று.

அலமேலு அதற்குள் பேரேட்டின் பின்தாளில்
பதின்மூன்று வரை போட்டு முடித்திருந்தாள்.
"இன்னும் நாலு வரிசை. அப்பதான் எண்பதைத் தொடும்."
ஜெபஸ்தியான் என் முகத்தைப் பார்க்காமல்
வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

என் கூலியை உமையாள் பிடிக்கவில்லை.
அதோடு ஒரு மூட்டையும் அனுப்பினார்,
அந்த நாற்பதில் ஒன்றை, அரைத்து,
ஒரு சொல்லும் இல்லாமல்.

ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் வடிக்க வேண்டியிருக்கிறது.
தட்டில் சோறு ஆறுகிறது,
முதலில் விறுவிறுவென்று,
பிறகு தயங்கித் தயங்கி,
அறையின் சூட்டை நெருங்க நெருங்க
நெருங்க மனமில்லாதது போல.
முழுசாய் ஆறும்வரை யார் காத்திருப்பது?
வாசனை தெரியாதிருக்க
ஊறுகாயைக் கொஞ்சம் கூடுதலாய் வைத்துக்கொண்டு
சுடச்சுடவே பிசைகிறேன்.